மதியமே போங்கள்: போர்ச்சுகலில் வெளியே சாப்பிடுவது

போர்ச்சுகலில் ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் ஓட்டலில் நன்றாகச் சாப்பிட முடியும் என்றால், அது மதியமாக இருக்கட்டும். இரவுச் சாப்பாட்டுக்கென்று பணத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பகலில் ஒரு சாண்ட்விச்சோடு ஊர் சுற்றுவது சுற்றுலாப் பயணிகளின் வழக்கம். உள்ளூர்க்காரர்கள் செய்வது நேர்மாறு. அலுவலக ஊழியர், கட்டட வேலை செய்பவர், ஓய்வுபெற்ற பெரியவர் என்று எல்லோரும் ஒரு மணி வாக்கில் தெருமுனைக் கடையில் உட்கார்ந்து, சூப்பில் தொடங்கிக் காபியில் முடிக்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்காகச் சமைக்கும் சமையலில் ஏமாற்று வேலை நடக்காது. நாளையும் அதே ஆட்கள்தான் வந்தாக வேண்டும். இந்த அத்தியாயத்தில் வேறு எது மறந்துபோனாலும் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் முக்கியம். மதியச் சாப்பாடு 12.30 மணிக்குத் தொடங்கி 3 மணி வரை. அதற்குப் பிறகு போனால் பல கடைகளில் அடுப்பை அணைத்திருப்பார்கள். இரவு 7.30-க்கு முன் கதவு திறக்காது. உள்ளூர்க் குடும்பங்கள் வந்து சேர எட்டரை ஆகிவிடும். ஞாயிறு இரவும் திங்களும் பல கடைகளுக்கு விடுமுறை. திங்களன்று மீன் வேண்டாம் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள், ஞாயிற்றுக்கிழமை படகுகள் ஓய்வெடுப்பதால்.

எந்தக் கடை?

பெயர்ப்பலகையிலேயே பாதி விவரம் இருக்கும். ‘தாஷ்கா’ என்றால் சிறிய, எளிய குடும்பக் கடை. காகித விரிப்பு, சுவரில் ஓடும் தொலைக்காட்சி, கணவர் பரிமாற மனைவி சமைப்பது என்று பல தாஷ்காக்கள் நடக்கின்றன. ‘செர்வெஜரியா’ பீர் கடை, ஆனால் பெயரைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். கடலுணவும் இறைச்சி வறுவலும் அங்கே முழுச் சாப்பாடாகவே கிடைக்கும். ‘மரிஷ்கெய்ரா’ நண்டு, இறால், மட்டிக்கு. ‘ஷுராஷ்கெய்ரா’ கரியடுப்பில் சுட்ட கோழிக்கு. பொட்டலம் கட்டி வாங்கிப் போகவும் ஏற்ற இடம், கைக்குழந்தையோடு பயணம் செய்பவர்களுக்குப் பெரிய உதவி. ‘பஷ்டெலரியா’ இனிப்புக் கடைதான், ஆனால் மதியத்தில் அங்கேயும் சூப்பும் ஒரு தட்டு சாப்பாடும் இருக்கும். அங்கே கவுண்டரில் நின்று சாப்பிட ஒரு விலை, உட்கார்ந்து சாப்பிட ஒரு விலை, வெளியே நடைபாதை மேசையில் இன்னொரு விலை என்று பலகையில் எழுதியிருப்பது உண்டு.

லிஸ்பனின் பைஷா பகுதித் தெருக்களில் மெனு அட்டையைக் கையில் ஏந்தி, வாசலில் நின்று கூப்பிடுபவர்களைப் பார்ப்பீர்கள். அட்டையில் ஒவ்வொரு உணவுக்கும் வண்ணப்படம் இருக்கும். புன்னகையோடு தலையாட்டிவிட்டு நடந்துவிடுங்கள். நான்கு தெரு தள்ளிப் போனால், சன்னல் கண்ணாடியில் கையெழுத்தில் நிரப்பிய ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். அதுதான் நீங்கள் தேட வேண்டியது. ‘ப்ராத்து து தியா’ என்று தலைப்பிட்டு அன்றைய உணவு நான்கைந்து வரிகளில் இருக்கும். பெரும்பாலும் விலை 10 யூரோவை ஒட்டித்தான். சில இடங்களில் ரொட்டி, சூப், குடிக்க ஒன்று, காபி எல்லாம் அதற்குள்ளேயே அடங்கும்.

உட்கார்ந்தவுடன் மேசைக்கு வருவது

நீங்கள் எதுவும் சொல்வதற்கு முன்பே ஒரு கூடை ரொட்டி வரும். பக்கத்தில் ஆலிவ் காய், வெண்ணெய், சிறு டப்பியில் மத்திமீன் விழுது, சில நேரம் ஒரு வட்டச் சீஸ், மெல்லியதாகச் சீவிய பன்றித்தொடை. இவற்றுக்கெல்லாம் சேர்த்து ‘குவேர்’ என்று பெயர். இலவசம் என்று நினைத்துச் சாப்பிட்டுவிட்டு, பில்லைப் பார்த்ததும் ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்படும் பயணிகள் ஏராளம். இது ஏமாற்று இல்லை, அந்த நாட்டு வழக்கம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை மெனுவில் இருக்கும். ரொட்டியும் ஆலிவும் ஓரிரு யூரோவோடு முடியும். முழுச் சீஸ் வட்டத்தை வெட்டினால் அதுவே ஒரு சாப்பாட்டின் விலைக்கு வந்துவிடலாம்.

நீங்கள் கேட்காமலும் தொடாமலும் இருந்தால் குவேருக்குப் பணம் வாங்கக் கூடாது என்பது 2015-இல் வந்த சட்டம். வேண்டாதவற்றை அப்படியே ஓரமாகத் தள்ளி வைக்கலாம், அல்லது “நாவ், ஒப்ரிகாது” என்று சொல்லித் திருப்பி அனுப்பலாம். பெண்கள் “ஒப்ரிகாதா” என்பார்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். என் தேர்வு: ரொட்டியையும் ஆலிவையும் வைத்துக்கொண்டு மற்றதை அனுப்பிவிடுவது. வடக்கே போனால் ‘ப்ரோவா’ என்ற சோள ரொட்டி வரும். அதை மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

அடுத்து அளவு. பல கடைகளில் ஒரே உணவுக்கு இரண்டு விலை போட்டிருக்கும்: ‘தோஸ்’, ‘மெய்யா தோஸ்’. முதலாவது முழு அளவு, மற்றது அரை. முழு அளவு பெரும்பாலும் இரண்டு பேருக்குத் தாராளம். ஒருவருக்கு அரை அளவே போதும். தட்டில் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் ஒன்றாக வருவதைப் பார்த்து வியக்க வேண்டாம், அங்கே அது இயல்பு. மூன்று பேர் போய் மூன்று முழுத் தோஸ் கேட்டால், நல்ல பரிமாறுபவர் தாமே தடுத்து இரண்டு போதும் என்பார். அப்படிச் சொல்கிற கடைக்கு மறுநாளும் போகலாம்.

மீன்

கண்ணாடிப் பெட்டியில் பனிக்கட்டி மேல் மீனை அடுக்கி வைத்திருக்கும் கடைகளில் மெனுவில் இருக்கும் விலை ஒரு மீனுக்கானது அல்ல, ஒரு கிலோவுக்கானது. இங்கேதான் பலருக்குப் பில் எகிறுகிறது. கிலோ 50 யூரோ என்று போட்டிருக்கும். நீங்கள் கைகாட்டிய மீன் 900 கிராம் இருந்தால் 45 யூரோ. எடை போடுவது சுத்தம் செய்வதற்கு முன்புதான். ஆகவே மீனைத் தேர்ந்தெடுத்ததும், உங்கள் கண் முன்னே தராசில் வைக்கச் சொல்லி, மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு, பிறகு அடுப்புக்கு அனுப்புங்கள். ‘ரொபாலு’, ‘தொராதா’ இரண்டும் எங்கும் கிடைக்கும். கடலில் பிடித்ததா, பண்ணையில் வளர்த்ததா என்பதைப் பொறுத்து விலை மாறும். “து மார்?” என்று கேட்டால் கடல் மீனா என்று கேட்பதாக அர்த்தம்.

சிக்கனமும் சுவையும் சேர்ந்து வேண்டுமென்றால் மத்தி. அதற்குக் காலம் உண்டு: ஜூன் முதல் செப்டம்பர் வரை கொழுப்பேறிய மத்தி கிடைக்கும், மற்ற மாதங்களில் பெரும்பாலும் உறைய வைத்ததுதான். ஜூன் 12 இரவு, புனித அந்தோணியார் திருவிழாவுக்காக லிஸ்பனின் அல்ஃபாமா சந்துகளில் வீட்டுக்கு வீடு வாசலில் கரியடுப்பு வைத்து மத்தி சுடுகிறார்கள். கல்லுப்பு மட்டும் தூவிச் சுட்ட மீனை ஒரு துண்டு ரொட்டியின் மேல் வைத்துத் தருவார்கள். கையால்தான் சாப்பிட வேண்டும். தோலை விரலால் உரித்து, நடுமுள்ளின் இருபுறமும் சதையை எடுத்துச் சாப்பிட்டு, முள்ளை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த மீனை அதே ரொட்டி மேல் வையுங்கள். இரண்டு மூன்று மீனின் நெய் இறங்கி ஊறிய அந்த ரொட்டியைக் கடைசியில் சாப்பிடுவதுதான் முறை.

பிறகு ‘பகல்யாவ்’. உப்பிட்டு உலர்த்திய காட் மீன். நம் கருவாட்டைப் போலத்தான், ஆனால் அங்கே அது ஏழை வீட்டிலும் விருந்து மண்டபத்திலும் ஒரே மரியாதையோடு நிற்கிறது. போர்ச்சுகல் கடலில் இந்த மீன் கிடையாது. நூற்றாண்டுகளாக நியூஃபவுண்ட்லாந்து வரை கப்பல் ஓட்டிப் போய்ப் பிடித்து வந்தார்கள். இப்போது பெரும்பாலும் நார்வேயிலிருந்து வருகிறது. ஒன்றிரண்டு நாள் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற வைத்த பிறகுதான் அடுப்பேறும். உப்பு முழுதும் இறங்கியிருக்காது, எனவே பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும்.

முதல் முறை சாப்பிடுபவர்களுக்கு ‘பகல்யாவ் ஆ ப்ராஷ்’ சரியான தொடக்கம். மீனை நூலாகப் பிய்த்து, தீக்குச்சி போல் சீவிப் பொரித்த உருளைக்கிழங்கும் வெங்காயமும் சேர்த்து, முட்டையை ஊற்றிப் பாதி வெந்த நிலையில் இறக்குவார்கள். ‘ஆ லகரெய்ரு’ என்றால் தடித்த துண்டு, சுட்டுக் குத்திப் பிளந்த உருளைக்கிழங்கு, பூண்டு, மேலே தாராளமாக ஆலிவ் எண்ணெய். போர்ட்டோவில் இருந்தால் ‘ஆ கோமெஷ் த சா’ கேளுங்கள். அது அந்த ஊர் மீன் வியாபாரி ஒருவரின் பெயர். பாலேடு ஊற்றிச் சுட்ட ‘கோங் நாத்தாஷ்’ குழந்தைகளுக்குப் பிடிக்கும், எனக்கு அதில் மீனின் குணம் அமுங்கிப் போவதாகவே படும்.

சோறு

ஐரோப்பாவில் தலைக்கு மிக அதிகமாக அரிசி சாப்பிடுபவர்கள் போர்ச்சுகீசியர்கள். சாது, தேஜு, மொந்தேகு ஆற்றுப் படுகைகளில் வயல்கள் உண்டு. ‘கரொலீனு’ என்ற, ருசியை உறிஞ்சும் அரிசி அவர்களுடையது. அதில் செய்யும் சோறு உதிரியாக இருக்காது. குழம்போடு தளதளவென்று, சட்டியிலேயே மேசைக்கு வரும். இறால், நண்டு, மட்டி போட்டால் ‘அரோஷ் த மரீஷ்கு’; பேய்க்கணவாய் போட்டால் ‘அரோஷ் த போல்வு’. சட்டியைத் திறந்ததும் ஆவியோடு மேலெழும் பச்சைக் கொத்தமல்லி வாசனையில் வீட்டு நினைவு வந்துவிடும். ஐரோப்பாவில் கொத்தமல்லித் தழையை இவ்வளவு கைநிறையப் போடும் நாடு வேறு கிடைப்பது அரிது. சோற்றைத் தாமதிக்காமல் சாப்பிடுங்கள், பத்து நிமிடத்தில் இறுகிவிடும்.

காரம் மட்டும் இருக்காது. அமெரிக்கக் கண்டத்து மிளகாயைப் பதினாறாம் நூற்றாண்டில் இந்தியக் கரைக்குக் கொண்டுவந்து இறக்கியவர்கள் இவர்கள்தான். தங்கள் சமையலில் அதை மிக அளவோடு நிறுத்திக்கொண்டார்கள். ‘பிரி-பிரி’ என்று கேட்டால் மிளகாய் ஊறிய எண்ணெய் ஒரு சிறு குப்பியில் வரும். சுட்ட கோழிக்கு அது பொருத்தம். அல்கார்வே பகுதியின் கீயா என்ற ஊர் பிரி-பிரி கோழிக்கே பெயர் பெற்றது.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு

பெருநகரங்களில் சைவ உணவகங்கள் இப்போது பெருகியிருக்கின்றன. அரசுப் பள்ளி, மருத்துவமனை, பல்கலைக்கழக உணவகங்களில் தாவர உணவு ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2017-இல் சட்டமே வந்தது. ஆனாலும் சிற்றூர்த் தாஷ்காவில் சிரமம் இருக்கும், முக்கியமாக ஒரு காரணத்தால்: ‘கார்ன்’, அதாவது இறைச்சி, வேண்டாம் என்று சொன்னால் துண்டு இறைச்சியை மட்டும் நினைத்துக்கொள்வார்கள், ‘ஷோரீசு’ என்ற பன்றித் தொத்திறைச்சியின் இரண்டு வில்லை அந்தக் கணக்கில் வராது. மீனும் அப்படியே. எனவே முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்: “நாவ் கோமு கார்ன், நெங் பெய்ஷ், நெங் ஷோரீசு.” இறைச்சி, மீன், தொத்திறைச்சி எதுவும் சாப்பிட மாட்டேன் என்பது பொருள். ஒவ்வொரு உணவைப் பற்றியும் கேட்க ஒரு சொல் போதும்: “லேவா…?” அதில் சேர்கிறதா என்று அர்த்தம். “லேவா கார்ன்?” “லேவா போர்கு?” “லேவா ஓவு?” இறைச்சி, பன்றி, முட்டை என்று வரிசையாகக் கேட்டுவிடலாம்.

சூப்பில் கவனம் தேவை. ‘கால்து வேர்த்’ என்பது உருளைக்கிழங்கு மசியலில் கரும்பச்சை இலையை முடிபோல் நறுக்கிப் போட்ட சூப். பார்க்கச் சைவம், ஆனால் தொத்திறைச்சி வில்லை மிதக்கும், பெரும்பாலும் அதனுடனேயே வெந்திருக்கும். வில்லையை எடுத்துவிட்டுத் தருவது உங்களுக்குத் தீர்வாகாது. ‘சோப்பா த லெகூமெஷ்’ என்ற காய்கறிச் சூப்பை, “லேவா கார்ன்?” கேட்டுவிட்டு வாங்குங்கள்.

முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் அலென்தேஜு பகுதியின் ‘அசோர்தா’வைத் தவறவிடாதீர்கள். பூண்டு, கல்லுப்பு, கொத்தமல்லித் தழை மூன்றையும் உரலில் இடித்துப் பச்சை விழுதாக்குவார்கள். அதைக் குழிவான பாத்திரத்தில் போட்டு, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, முட்டையை உடைத்து வேகவைத்த கொதிநீரை மேலே ஊற்றுவார்கள். பழைய ரொட்டித் துண்டுகளை அதில் போட்டு, வெந்த முட்டையை மேலே வைத்துத் தருவார்கள். கஞ்சிக்கும் குறைவான பொருள்களில் வயலில் உழைத்தவர்கள் கண்டுபிடித்த உணவு. உடம்பு சோர்ந்த பயண நாளில் இதைவிட இதமானது எனக்குத் தெரியாது. ஒரு எச்சரிக்கை: சில கடைகளில் வெந்நீருக்குப் பதில் பகல்யாவ் வேகவைத்த நீரை ஊற்றுவார்கள். லிஸ்பனில் இதே பெயரில் இறால் போட்டுக் கிளறிய கூழும் உண்டு. கேட்டுவிட்டே சொல்லுங்கள்.

பீன்ஸை மாவில் தோய்த்துப் பொரித்த ‘பெய்ஷீன்யுஷ் த ஓர்த்தா’ நல்ல தொடுகறி. ஜப்பானியரின் தெம்புராவுக்கு வழிகாட்டியது இந்தப் பலகாரம்தான் என்பார்கள். மாவில் முட்டை இருக்கலாம், எண்ணெய் மீன் பொரித்ததாகவும் இருக்கலாம். தக்காளிச் சோறு, பீன்ஸ் சோறு, பூண்டு போட்டு மசித்த பசலைக்கீரை ‘எஷ்பரிகாது’ ஆகியவற்றைத் துணைக்கறிப் பட்டியலிலிருந்து எடுத்து ஒரு சாப்பாட்டை நீங்களே சேர்த்துக்கொள்ளலாம்.

சீஸில் ஒரு நல்ல செய்தி. கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த உறைபொருளுக்காகச் சீஸைத் தவிர்ப்பவர்கள் ‘செர்ரா த எஷ்ட்ரெலா’, ‘அசெய்தாவ்’, ‘செர்பா’ வகைகளைத் தயங்காமல் சாப்பிடலாம். இந்தச் செம்மறி ஆட்டுப்பால் சீஸ்கள் காட்டு முட்செடி ஒன்றின் பூவைக் கொண்டு உறையவைக்கப்படுகின்றன.

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் ‘வாக்கா’, ‘விதேலா’, ‘நொவீல்யு’, ‘பிதோக்’, ‘ப்ரேகு’ என்ற சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பன்றி தவிர்ப்பவர்களுக்குப் பட்டியல் நீளம்: ‘போர்கு’, ‘பிஃபானா’, ‘லெய்த்தாவ்’, ‘ப்ரெசுந்து’, ‘லிங்குயீசா’, ‘தொசீன்யு’. போர்ட்டோவின் புகழ்பெற்ற சாண்ட்விச்சான ‘ஃப்ரான்செசீன்யா’வில் மாடு, பன்றி, பீர் கலந்த சாறு மூன்றும் சேரும். ஹலால் தேடுபவர்கள் லிஸ்பனில் மார்த்தீம் மொனீஷ் சதுக்கத்தை ஒட்டிய தெருக்களுக்குப் போகலாம். வங்கதேசத்தவரின் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன.

இனிப்பும் காபியும்

போர்ச்சுகல் இனிப்பு என்றால் முட்டை மஞ்சள் கருவும் சர்க்கரையும்தான். கன்னியர் மடங்களில் வெள்ளைக் கருவைத் துணிக்குக் கஞ்சி போடப் பயன்படுத்தியதால் மிஞ்சிய மஞ்சள் கருவில் பிறந்தவை இவை என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கதை. ‘பஷ்டெல் த நாத்தா’வைச் சாப்பாட்டுக் கடையில் கேட்காதீர்கள், அது பஷ்டெலரியாவில் சூடாக, நின்றபடி சாப்பிட வேண்டியது. 1837 முதல் நடக்கும் பெலேங் கடையின் வரிசை நீளமானாலும் வேகமாக நகரும். சாப்பாட்டு மேசையில் ‘அரோஷ் தோஸ்’ கேளுங்கள்: பாலில் குழைத்த இனிப்புச் சோறு, மேலே பட்டைத்தூளால் விரல்நுனியில் போட்ட கோலம். அதில் முட்டை சேர்ப்பவர்களும் உண்டு, சேர்க்காதவர்களும் உண்டு. ‘புதிங் அபாத் த ப்ரிஷ்குஷ்’ என்ற பளபளப்பான புடிங்கில் பன்றிக்கொழுப்பு சேரும், ‘தொசீன்யு து சேவ்’ இனிப்பிலும் அது இருக்கலாம். இது எதுவும் வேண்டாதவர்களுக்குப் பட்டைத்தூள் தூவிச் சுட்ட ஆப்பிளும் நறுக்கிய பழமும் எப்போதும் இருக்கும்.

சாப்பாட்டுக்குப் பின் காபி கட்டாயம் போல. சிறு கோப்பையில் கறுப்பாக வருவதற்கு லிஸ்பனில் ‘பீக்கா’ என்று பெயர். பால் வேண்டுபவர்கள் உயரமான கண்ணாடிக் குவளையில் வரும் ‘கலாவ்’ கேட்கலாம்.

இரவில் ஃபாது

இரவு ஒன்றை ஃபாது பாடல் கேட்கும் கடைக்கு ஒதுக்குவதாக இருந்தால், சாப்பாட்டை எதிர்பார்த்துப் போகாதீர்கள், பாட்டுக்காகப் போங்கள். முன்பதிவு தேவை, ஆளுக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு என்ற தொகை இருக்கிறதா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். விளக்கு மங்கியதும் பரிமாறுவது நின்றுவிடும். அந்த நேரத்தில் பேசுவதும் கரண்டி ஓசை எழுப்புவதும் பெரிய அவமரியாதை. இரண்டு மூன்று பாட்டுக்குப் பின் விளக்கு எரியும், அப்போது சாப்பிடலாம், பேசலாம்.

பில்

“ஆ கோந்தா, ஸி ஃபாஷ் ஃபவோர்” என்று கேட்கும்வரை பில் வராது. கொண்டுவராததை அலட்சியம் என்று எண்ணாதீர்கள். கேட்காமல் கொண்டுவந்து வைப்பதுதான் அங்கே மரியாதைக் குறைவு. வரி விலைக்குள்ளேயே இருக்கும். பணம் கொடுக்கும்போது “கொன்ட்ரிபுயின்ட்?” என்று கேட்பார்கள். அந்நாட்டவர் தங்கள் வரி எண்ணை பில்லில் பதியச் சொல்வது வழக்கம். நீங்கள் “நாவ்” என்றால் போதும். டிப்ஸ் கட்டாயமில்லை. தாஷ்காவில் சில்லறையை விட்டுவிட்டு வரலாம், பெரிய உணவகத்தில் சேவை பிடித்திருந்தால் ஐந்து முதல் பத்து சதவீதம். சிறு கடைகளில் ‘முல்டிபாங்கு’ என்ற உள்ளூர் அட்டை மட்டும் செல்லும், வெளிநாட்டு அட்டை செல்லாது என்பது அடிக்கடி நடக்கும். உட்காருவதற்கு முன்பே அட்டையைக் காட்டிக் கேளுங்கள், அல்லது ஆளுக்கு 20 யூரோ ரொக்கமாக வைத்திருங்கள்.

பில்லை வரிவரியாகப் பாருங்கள்: குவேரில் நீங்கள் தொடாதது ஏறியிருக்கிறதா, மீனின் எடை நீங்கள் பார்த்ததுதானா. தவறு இருந்தால் அமைதியாகச் சுட்டிக்காட்டினால் பெரும்பாலும் உடனே திருத்துவார்கள். மறுத்தால் “லீவ்ரு த ரெக்லமசோய்ங்ஷ்” என்று கேளுங்கள். சிவப்பு அட்டை போட்ட புகார்ப் புத்தகம் அது. ஒவ்வொரு கடையிலும் அது இருக்க வேண்டும், கேட்டால் தர வேண்டும் என்பது சட்டம்; தர மறுத்தால் போலீசைக் கூப்பிடலாம். ஆங்கிலத்திலும் எழுதலாம். எழுதியதும் உங்களுக்குரிய நகலைக் கிழித்து வாங்கிக்கொள்ளுங்கள்.